டி-ரெக்ஸ் எப்படி வேட்டையாடியது? பதில் எலும்பில் இருக்கிறது. அந்த எலும்பு யாரிடம் இருக்கிறது?

"டி-ரெக்ஸும் ஸ்பைனோசரஸும் மோதினா யாரு ஜெயிப்பா?"

2001இல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க் 3' படத்தில் ஸ்பைனோசரஸ் டி-ரெக்ஸின் கழுத்தை முறித்ததிலிருந்து இந்தச் சண்டை ஓயவே இல்லை. 2022இல் ஜைகனோடோசரஸும் திரையில் வந்து சேர்ந்துகொண்டது. தாய்லந்தில் படமாக்கப்பட்டு 2025இல் வெளிவந்த 'ஜுராசிக் வேர்ல்டு: ரீபர்த்' படத்தில் ஸ்பைனோசரஸ் கடலில் நீந்தி இரை தேடியது. நண்பர்கள் கூடினால் இன்றும் ஆளுக்கு ஒரு கட்சி.

உண்மையான பதில் கொஞ்சம் சப்பென்று இருக்கும். அவை சந்தித்ததே இல்லை. ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் சுவையான கேள்வி ஒன்று இருக்கிறது: இவ்வளவு பெரிய விலங்குகள் இரையை எப்படிப் பிடித்தன? கடந்த சில ஆண்டுகளில் அதற்குப் புதிய பதில்கள் வந்திருக்கின்றன. கூடவே ஒரு சிக்கலும் வந்திருக்கிறது. அந்தச் சிக்கல் சிங்கப்பூருக்கும் ஒருமுறை வந்துபோனது.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூன்று பெயர்கள், மூன்று உலகங்கள்

டி-ரெக்ஸ் வாழ்ந்தது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், சுமார் 68 முதல் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு. நீளம் 12 மீட்டருக்கு மேல். கனடாவில் கண்டெடுக்கப்பட்ட 'ஸ்காட்டி' என்ற டி-ரெக்ஸின் எடை கிட்டத்தட்ட 8.9 டன் இருந்திருக்கும் என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

ஜைகனோடோசரஸ் அர்ஜென்டினாவைச் சேர்ந்தது. 1995இல் பெயரிடப்பட்டது. நீளத்தில் டி-ரெக்ஸுக்கு ஈடுகொடுக்கும். ஆனால் உடல்வாகு சற்று மெலிந்தது.

ஸ்பைனோசரஸ் வட ஆப்பிரிக்காவில் ஆறுகள் ஓடிய நிலத்தில் வாழ்ந்தது. நீளம் சுமார் 14 மீட்டர். முதுகில் பாய்மரம் போன்ற அமைப்பு, முதலையைப் போன்ற நீண்ட வாய்.

இந்த இரண்டும் டி-ரெக்ஸ் தோன்றுவதற்கு 25 மில்லியன் ஆண்டுகளுக்கும் முன்பே மறைந்துவிட்டன. கண்டமும் வேறு, காலமும் வேறு. ஆக, "யார் ஜெயிப்பா?" என்பதை ஒதுக்கிவிட்டு, "யார் எதைச் சாப்பிட்டது, எப்படி?" என்று கேட்போம்.

பல்லைப் பார்த்தால் பாதிக் கதை தெரியும்

டி-ரெக்ஸின் பல் வாழைப்பழம் போலத் தடித்தது. ஜைகனோடோசரஸின் பல் கத்தி போலத் தட்டையானது, ஓரத்தில் ரம்பம் போன்ற கூர். ஸ்பைனோசரஸின் பல் கூம்பு வடிவிலானது, வழுக்கி ஓடும் மீனைக் குத்திப் பிடிக்க ஏற்றது.

மூன்று பல், மூன்று தொழில்.

டி-ரெக்ஸின் கடி எலும்பையே நொறுக்கும். 2012இல் வெளியான கணினி மாதிரி ஆய்வு அதன் கடிவிசை 35,000 முதல் 57,000 நியூட்டன் வரை இருந்திருக்கலாம் என்றது. ஓர் ஒப்பீடு சொன்னால் புரியும். உயிருள்ள விலங்குகளில் அளக்கப்பட்ட மிக வலுவான கடி உவர்நீர் முதலையுடையது. சுமார் 16,000 நியூட்டன். சுங்கை பூலோ ஈரநிலத்தில் சில நேரம் கண்ணில் படுகிறதே, அதே இனம்தான். டி-ரெக்ஸின் கடி குறைந்தபட்சம் அதைவிட இரண்டு மடங்கு.

இது வெறும் கணக்கு இல்லை. கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் கிடைத்த, கல்லாக மாறிய பெரிய சாணம் ஒன்றைப் பற்றி 1998இல் ஆய்வு வெளிவந்தது. அது டி-ரெக்ஸுடையதாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினர். உள்ளே முழுக்க நொறுங்கிய எலும்புத் துண்டுகள்.

அப்படியானால் உடம்பு பெரிதானால் கடியும் வலுவாகிவிடுமா? இல்லை. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 வகை ஊனுண்ணி டைனோசர்களின் மண்டையோடுகளை ஒப்பிட்டு 2025 ஆகஸ்டில் முடிவுகளை வெளியிட்டனர். டி-ரெக்ஸ் குடும்பம் முதலையைப் போல அழுத்திக் கடித்து நொறுக்கும் வழியில் போயிருக்கிறது. மற்ற பெரிய ஊனுண்ணிகளில் பல, கடிவிசையைக் குறைவாகவே வைத்துக்கொண்டு, சதையை வெட்டி, இழுத்துக் கிழிக்கும் வழியில் போயிருக்கின்றன. அதற்கு இன்றைய உதாரணம் இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பு.

எல்லாமே பெரிய உடம்புதான். ஆனால் வேட்டையாடும் முறை ஒன்றல்ல.

வேட்டைக்காரனா, செத்ததைத் தின்பதா?

டி-ரெக்ஸ் வேட்டையாடவே இல்லை, செத்துக் கிடந்ததைத்தான் தின்றது என்ற வாதம் 1990களில் பரபரப்பாகப் பேசப்பட்டது. அதை முன்வைத்தவர் அமெரிக்காவின் புகழ்பெற்ற தொல்லுயிர் ஆய்வாளர் ஜாக் ஹார்னர். குட்டிக் கை, நல்ல மோப்ப சக்தி, ஓட முடியாத கனம். இதெல்லாம் பிணந்தின்னிக்குத்தானே பொருந்தும் என்றார் அவர்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் இதை எப்படிச் சோதிப்பது?

இங்கேதான் ஒரு துப்பறியும் வேலை நடந்தது. இரை விலங்கின் எலும்பில் பல் தடம் இருந்தால் மட்டும் போதாது. செத்த பிறகும் கடித்திருக்கலாம். ஆனால் அந்தக் காயம் ஆறியிருந்தால்? பிணத்துக்குக் காயம் ஆறாது. கடிபட்ட நேரத்தில் அந்த விலங்கு உயிரோடு இருந்து, தப்பித்து, பிறகும் வாழ்ந்திருக்கிறது என்றுதான் பொருள்.

அப்படியொரு சான்று 2013இல் வெளியானது. அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் கிடைத்த வாத்துவாய் டைனோசர் ஒன்றின் வால் எலும்பில் டி-ரெக்ஸின் பல் முறிந்து சிக்கியிருந்தது. அதைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருந்தது.

அப்போ செத்ததைத் தின்னவே இல்லையா? அதுவும் இல்லை. சிங்கமும் இரண்டையும் செய்கிறது, கழுதைப்புலியும் இரண்டையும் செய்கிறது. கிடைத்த இறைச்சியை விட்டுவிட்டுப் போகும் ஊனுண்ணி அபூர்வம். "இதுவா, அதுவா?" என்று கேட்டதுதான் அந்த விவாதத்தின் கோளாறு.

ஓடியதா?

ஜீப்பைத் துரத்தும் அந்தக் காட்சி மறக்க முடியாததுதான். ஆனால் அது நடந்திருக்க வாய்ப்பு குறைவு. பெரிய டி-ரெக்ஸ் வேகமாக ஓட வேண்டுமென்றால் கால் தசை எவ்வளவு தேவைப்படும் என்று 2002இல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. உடம்பில் இடமே போதாத அளவுக்குத் தேவைப்படும் என்று தெரிந்தது. 2017இல் வந்த இன்னோர் ஆய்வு, ஓடினால் கால் எலும்பு தாங்காது, அதிகபட்சம் வேக நடைதான் என்றது. மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்.

ஏமாற்றமா? வேண்டாம். அதன் இரை எது என்று பாருங்கள். டிரைசெராடாப்ஸும் வாத்துவாய் டைனோசர்களும் பந்தயக் குதிரைகள் அல்ல. உங்கள் இரையைவிடக் கொஞ்சம் வேகமாக இருந்தால் போதும். மேலும், டி-ரெக்ஸின் இரண்டு கண்களும் முன்னோக்கிப் பார்த்தன. தூரத்தைக் கணிக்க அது உதவும். நெடுந்தூரம் துரத்துவதைவிட, நெருங்கி வந்து ஒரே கடியில் முடிப்பது அதன் உடம்புக்குப் பொருத்தமான முறை.

ஸ்பைனோசரஸ்: முதலையா, நாரையா?

இப்போது சூடாக நடந்துகொண்டிருக்கும் சண்டை இதுதான்.

ஸ்பைனோசரஸின் கதையே சோகமானது. ஜெர்மானிய ஆய்வாளர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் எகிப்தில் கிடைத்த எலும்புகளை வைத்து 1915இல் அதற்குப் பெயரிட்டார். 1944இல் மியூனிக் நகரின் மீது விழுந்த குண்டுகளில் அந்த எலும்புகள் அழிந்தன. மிஞ்சியவை படங்களும் குறிப்புகளும். பல பத்தாண்டுகள் அறிவியல் உலகம் அந்தக் காகிதங்களை வைத்தே ஊகித்துக்கொண்டிருந்தது.

பிறகு மொரோக்கோவில் புதிய எலும்புகள் கிடைத்தன. 2014இல், அது பாதி நேரம் தண்ணீரில் வாழ்ந்தது என்று ஓர் ஆய்வு கூறியது. 2020இல் துடுப்பு போன்ற அகன்ற வால் பற்றிய ஆய்வு வந்தது. "பாத்தீங்களா, நீந்தியிருக்கு!" என்றது ஒரு தரப்பு. 2022இல், அதன் எலும்பு நீரில் மூழ்கும் விலங்குகளுடையதைப் போல அடர்த்தியானது என்று மேலும் ஓர் ஆய்வு.

அதே ஆண்டு மறுப்பும் வந்தது. முதுகில் அவ்வளவு பெரிய பாய்மரத்தோடு தண்ணீரில் மூழ்கினால் சமநிலை குலையும், அது கரையோரம் நின்று வேட்டையாடிய விலங்குதான் என்றது மறுதரப்பு. எலும்பு அடர்த்தி ஆய்வின் புள்ளிவிவர முறையே சரியில்லை என்று 2024இல் இன்னொரு கட்டுரை வாதிட்டது.

இந்த விவாதத்தை நேரில் புரிந்துகொள்ள நீங்கள் மொரோக்கோவுக்குப் போக வேண்டாம். மீண்டும் சுங்கை பூலோ போதும். சேற்றில் அசையாமல் நின்று, சட்டென்று கழுத்தை நீட்டி மீனைக் கொத்தும் நாரையைப் பார்த்திருப்பீர்கள். அதே நீரில் வாலை அசைத்து நழுவிப் போகும் முதலையும் இருக்கிறது. இரண்டுக்கும் மீன்தான் உணவு. ஸ்பைனோசரஸ் இவற்றில் எதன் வழியில் போனது என்பதுதான் கேள்வி. பதில் இன்னும் முடிவாகவில்லை.

நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. மலேசியாவின் பாஹாங் மாநிலத்தில் கிடைத்த பல் ஒன்று ஸ்பைனோசரஸின் உறவுக்கார டைனோசருடையது என்று மலாயாப் பல்கலைக்கழகம் 2014இல் அறிவித்தது. மலேசியாவில் டைனோசர் இருந்தது என்பதற்கு முதலில் உறுதியான சான்று அதுதான். நீளம் இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு நாட்டின் வரலாற்றில் ஒரு புதிய பக்கத்தைத் திறக்க அவ்வளவு போதுமானதாக இருந்தது.

கூட்டமாக வேட்டையாடினவா?

அர்ஜென்டினாவில் ஜைகனோடோசரஸின் நெருங்கிய உறவான மாபுசாரஸ் புதைந்திருந்த ஓர் இடத்தில் குறைந்தது ஏழு விலங்குகளின் எலும்புகள் சேர்ந்தே கிடைத்தன. கனடாவில் மூன்று டைரன்னோசர்கள் ஒரே திசையில் நடந்த தடங்கள் 2014இல் பதிவாயின. உடனே ஓநாய்க்கூட்டம் நினைவுக்கு வரும்.

கொஞ்சம் பொறுங்க. ஒரே இடத்தில் கிடப்பதும் ஒற்றுமையாக வேட்டையாடுவதும் ஒன்றல்ல. வெள்ளம் அடித்துச் சேர்த்திருக்கலாம். வறட்சியில் ஒரே குட்டைக்கு வந்து இறந்திருக்கலாம். கொமோடோ உடும்புகளும் ஒரே இரையைச் சுற்றிப் பல சேரும். ஆனால் அவை திட்டமிட்டு வருவதில்லை. வாசனைக்கு வருகின்றன, பங்குக்காகச் சண்டையும் போடுகின்றன.

கூட்டு வேட்டை நடந்திருக்கலாம். ஆனால் நிரூபிக்கப்படவில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் பல காணொளிகள் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

2025: ஒரு பழைய வழக்கு மறுபடியும் திறந்தது

டி-ரெக்ஸைப் பற்றிப் பிரபலமான ஒரு கருத்து உண்டு. குட்டியாக இருக்கும்போது மெலிந்து, வேகமாக ஓடிச் சின்ன இரையைப் பிடிக்கும். வளர்ந்ததும் கனத்து, பெரிய இரையை நொறுக்கும். ஒரே இனம், வயதுக்கு ஒரு தொழில்.

அதன் உறவினமான கோர்கோசரஸிடம் இதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. 2023இல் வெளியான ஆய்வில், ஓர் இளம் கோர்கோசரஸின் வயிற்றுப் பகுதியில் இரண்டு சிறு டைனோசர்களின் கால்கள் அப்படியே இருந்தன.

ஆனால் டி-ரெக்ஸைப் பொறுத்தவரை, "பதின்ம வயது டி-ரெக்ஸ்" என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட எலும்புக்கூடுகளில் சில டி-ரெக்ஸே இல்லை என்று ஒரு தரப்பு நீண்டகாலமாகச் சொல்லிவந்தது. 1988இல் அதற்கு நானோடைரன்னஸ் என்று தனிப் பெயரே வைத்தார்கள். பெரும்பாலோர் ஏற்கவில்லை.

2025 அக்டோபர் இறுதியில் 'நேச்சர்' ஆய்விதழில் லிண்ட்சே சானோ, ஜேம்ஸ் நாப்போலி ஆகியோரின் ஆய்வு வெளிவந்தது. மொண்டானா மாநிலத்தில் 2006இல் ஒரு டிரைசெராடாப்ஸோடு சேர்ந்து கிடைத்த எலும்புக்கூட்டை அவர்கள் ஆராய்ந்தார்கள். எலும்பின் வளர்ச்சி வளையங்களை மரத்தின் வளையங்களைப் போல எண்ணியதில், அது சுமார் 20 வயதான, வளர்ந்து முடிந்த விலங்கு. எடையோ டி-ரெக்ஸில் பத்தில் ஒரு பங்குதான். வால் எலும்புகள் குறைவு, பற்கள் அதிகம், கை பெரிது. வளர வளர இவையெல்லாம் மாறி டி-ரெக்ஸ் ஆக வழியே இல்லை. அது தனி இனம் என்றார்கள். 1988இல் பெயர் பெற்ற அந்த முதல் மண்டையோட்டின் நாவடி எலும்பை ஆராய்ந்த வேறொரு குழுவும் அதே ஆண்டு டிசம்பரில் இதே திசையில் முடிவு சொன்னது.

விளைவு என்ன தெரியுமா? "இளம் டி-ரெக்ஸ் எப்படி வேட்டையாடியது?" என்று இத்தகைய எலும்புகளை வைத்து எழுதப்பட்ட ஆய்வுகளை மறுபடி பார்க்க வேண்டும். அதோடு, அந்தக் காட்டில் கனத்த நொறுக்குவாயன் ஒன்று, மெலிந்த வேகக்காரன் ஒன்று என இரண்டு வேட்டைக்காரர்கள் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள் என்றாகிறது.

இங்கதான் முக்கியமான விஷயம் வருகிறது.

அந்த எலும்புக்கூடு 2013இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. எதிர்பார்த்த குறைந்தபட்ச விலை கிடைக்காததால் விற்கவில்லை. பிறகு நிலத்தடி உரிமை குறித்து நீண்ட வழக்கு. கடைசியில் 2020இல்தான் அது வட கரோலினா இயற்கை அறிவியல் அரும்பொருளகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று ஏலத்தில் யாராவது இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருந்தால், அது ஒரு தனியார் வீட்டு வரவேற்பறையில் நின்றிருக்கலாம். அந்த வளையங்களை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

சிங்கப்பூருக்கு வந்த டி-ரெக்ஸ்

2022 அக்டோபர் கடைசியில் 'ஷென்' என்ற டி-ரெக்ஸ் எலும்புக்கூடு விக்டோரியா அரங்கில் மூன்று நாள் காட்சிக்கு வைக்கப்பட்டது. உங்களில் சிலர் போய்ப் படம்கூட எடுத்திருப்பீர்கள். அது ஹாங்காங்கில் நடக்கவிருந்த ஏலத்துக்கு முந்திய காட்சி. ஆனால் ஏலத்துக்குச் சில நாள்களுக்கு முன்பு ஷென் மீட்டுக்கொள்ளப்பட்டது. அதில் பொருத்தப்பட்ட நகல் எலும்புகள் 'ஸ்டான்' என்ற வேறொரு டி-ரெக்ஸின் நகல்களைப் போல இருக்கின்றனவே என்று கேள்விகள் எழுந்ததே காரணம்.

அந்த ஸ்டான் 2020இல் 31.8 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. 2025 ஜூலையில் ஓர் இளம் செராடோசரஸ் 30 மில்லியன் டாலரைத் தாண்டியது. அதற்கு மதிப்பிடப்பட்ட விலை 4 முதல் 6 மில்லியன்தான். எந்த அரும்பொருளகத்தால் இந்தப் போட்டியில் நிற்க முடியும்?

அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் கார் 2025இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார். அறிவியலுக்குப் பயன்படும் டி-ரெக்ஸ் புதைபடிவங்களில் பொது நிறுவனங்களிடம் இருப்பவை 61. தனியாரிடமும் வணிகர்களிடமும் இருப்பவை 71. அந்த 71இல் இளம் விலங்குகளும் அடங்கும். வேட்டை முறை பற்றிய இன்றைய பெரிய கேள்வி இளம் விலங்குகளைப் பற்றியது என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைக்கும் புதைபடிவம் நில உரிமையாளருக்குச் சொந்தம். விற்பது சட்டப்படி சரி. வணிக நோக்கில் தோண்டுபவர்கள் இல்லாவிட்டால் பல எலும்புகள் மழையிலும் காற்றிலும் கரைந்தே போயிருக்கும். சிகாகோவில் நிற்கும் புகழ்பெற்ற 'சூ'வைக் கண்டெடுத்ததும் வணிகக் குழுதான். ஏலத்தில் அதை அரும்பொருளகமே வாங்கியது, பெரிய நிறுவனங்களின் நன்கொடையோடு. ஸ்டானும் இப்போது அபுதாபியின் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கிறது. நம்முடைய லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் நிற்கும் மூன்று தாவர உண்ணி டைனோசர்களும் அமெரிக்காவின் வயோமிங்கிலிருந்து விலைகொடுத்து வாங்கப்பட்டவையே.

மங்கோலியா போன்ற நாடுகள் வேறு வழியில் போகின்றன. அங்கே புதைபடிவம் நாட்டின் சொத்து. 2012இல் நியூயார்க்கில் ஏலம் போன டார்போசரஸ் எலும்புக்கூடு ஒன்று, வழக்குக்குப் பிறகு 2013இல் மங்கோலியாவிடமே திரும்பியது. டி-ரெக்ஸின் ஆசிய உறவு அது.

ஆக, விற்பதா கூடாதா என்பது மட்டுமல்ல கேள்வி. கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான். ஓர் ஆய்வாளர் "இது 20 வயது விலங்கு" என்றால், நம்பாத இன்னோர் ஆய்வாளர் அதே எலும்பை எடுத்து மறுபடி எண்ணிப் பார்க்க முடிய வேண்டும். நாளைக்கு உரிமையாளர் மனம் மாறிக் கதவைச் சாத்திவிட்டால் அது முடியாது. ஸ்ட்ரோமரின் எலும்புகள் போரில் அழிந்தபோது என்ன ஆனது என்று பார்த்தோம். பூட்டிய அறையில் இருக்கும் எலும்பும் ஆய்வாளருக்கு ஏறக்குறைய அப்படித்தான்.

அடுத்த முறை டைனோசர் ஏலச் செய்தி உங்கள் கைப்பேசியில் வரும். நிச்சயம் வரும். விலையைப் பார்த்து வாயைப் பிளப்பது இயல்புதான். கூடவே இரண்டு விஷயங்களையும் தேடிப் பாருங்கள். அதில் உண்மையான எலும்பு எவ்வளவு, நகல் எவ்வளவு? வாங்கியவர் அதை எங்கே வைக்கப்போகிறார்?

டி-ரெக்ஸ் எப்படி வேட்டையாடியது என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான பதில் கிடைக்குமா இல்லையா என்பதை, அந்த இரண்டாவது கேள்வியின் விடை தீர்மானிக்கும்.